அறுபதில் ஒரு மலையேற்றம்

பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டோம், இனித் தஸ்பீஹும் வீட்டு மூலையும்தாம் நமக்கு என்று ஒதுங்கியிருப்போர் நம்மில் அநேகர். உம்ராவுக்குப்பின் மிஸ்ருக்கும் அழைத்துச் செல்லும் குழுவொன்றில் சேர்ந்திராவிடில் நானும் அவ்வாறே இருந்திருப்பேன்.

மூஸா நபி (அலை) அவர்கள் இறைவனுடன் உரையாடிய மலையெனக் கருதப்படும் ஸினாயின் ஜபல் மூஸா 2285 மீட்டர் உயரமுடையது. உதயத்திற்குமுன் உச்சியை அடைவதாயின், நள்ளிரவு கடந்ததும் ஏறத் தொடங்கவேண்டும். பதூயின் வழிகாட்டி உடன் வருவார். பெரும்பகுதி வழியை ஒட்டகத்திலேயே கடக்கலாம். ஆனால், இறுதியிலுள்ள சுமார் 750 கற்படிகளுக்கு ஒட்டகம் வராது. அங்கே நம் கால்களே துணை.

"இந்த வயதில் விழுந்து வைத்தால் யார் பார்ப்பது உம்மா?" எனப் புறப்படுமுன் மகன் தொலைபேசியில் கடிந்துகொண்டான். அவன் கேட்டதும் நியாயமே. முழங்கால் வலியை மருத்துவரிடம் மறைத்துச் செல்வது வீரமன்று. மூன்று மாதம் நடந்து பழகி, மாடிப்படி ஏறியிறங்கிய பின்னரே துணிந்தேன். கம்பளிச் சால்வையை மறவாதீர்கள்; பாலைவனம்தானே என்று அலட்சியமாய்ச் சென்ற எனக்கு உச்சிக் குளிரில் பற்கள் தந்தியடித்தன!

இம்மலையேற்றம் மார்க்கக் கடமையன்று. எங்கள் குழுவில் சிலர் பாதிவழித் தேநீர்க் குடிலிலேயே தங்கிவிட்டனர், அவர்களுக்குக் குறையேதுமில்லை. உச்சியில் சிறு பள்ளிவாசலொன்றும் தேவாலயமொன்றும் உள்ளன. ஃபஜ்ருத் தொழுது சலாம் கொடுத்தபோது கீழ்வானம் வெளுத்திருந்தது. சற்று நேரத்தில் சுற்றியிருந்த பாறைச் சிகரங்கள் யாவும் செந்நிறமாயின. வெகுநேரம் எவரும் பேசவில்லை.

இறங்கும்போதுதான் முழங்கால் முறையிடத் தொடங்கியது. ஆகவே, கைத்தடி ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள்.