பருவம் மாறினால் நண்பனும் மாறவேண்டுமா?

மார்ச் மாதம் வந்தால் போதும், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் அத்தனை பேரும் திடீரென்று தத்துவஞானி ஆகிவிடுகிறார்கள். வெள்ளைச் சட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் கையெழுத்து, மரத்தடியில் குரூப் போட்டோ, கேண்டீன் அண்ணனோடு ஒரு செல்ஃபி. அப்புறம் ராத்திரி ஸ்டேட்டஸில் அந்த வாசகம். நண்பர்கள் பருவகாலம் மாதிரியாம், வருவார்களாம், போவார்களாம், அதுதான் வாழ்க்கையாம். கூடவே சிவந்த இலை ஒன்று காற்றில் பறக்கிற படம். பார்த்தாலே தெரியும், அது மேப்பிள் இலை. விருதுநகரில் எந்தக் கல்லூரியில் ஐயா மேப்பிள் மரம் இருக்கிறது?

இங்கே கல்லூரிக்குக் கல்லூரி இருப்பது வேப்பமரம். மாசி, பங்குனியில் அதுவும் இலை உதிர்க்கிறது, உண்மைதான். ஆனால் சித்திரைக்குள் தளிர் விட்டுப் பூத்தும் விடுகிறது. அந்தப் பூவைப் பறித்துத்தான் புத்தாண்டு அன்று வீடுகளில் பச்சடி செய்கிறார்கள். உதிர்ந்ததற்கும் பூத்ததற்கும் நடுவே இரண்டு மாதம் கூட முழுசாக இல்லை.

பருவம் என்றால் அர்த்தமே அதுதானே? கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுது சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆவணியில் தொடங்கிய சுற்று மறுபடி ஆவணிக்கே வந்து நிற்கும். ஐப்பசி மழை ஒரு வருஷம் பொய்த்தால் ஊரே அண்ணாந்து பார்க்கிறது. யாராவது "மழை போயிடுச்சு, அதுதான் வாழ்க்கை" என்று ஸ்டேட்டஸ் போடுகிறார்களா? ஆக, போனவன் போனதுதான் என்று சொல்வதற்குப் பருவகாலத்தைத் துணைக்கு அழைப்பது சுத்தமான மோசடி.

வேடிக்கை என்னவென்றால் செமஸ்டருக்கும் தமிழில் பருவம் என்றுதான் பெயர். பி.காம். படிப்புக்கும் ஆறு பருவம்! பருவத்துக்கு 90 வேலைநாள், நாளைக்கு ஐந்து மணி நேரம் என்று வைத்தால் மூன்று வருஷத்தில் 2,700 மணி நேரம். அமெரிக்காவில் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் என்ற பேராசிரியர் 2018-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். சும்மா தெரிந்தவர் ஒருவர் நெருங்கிய நண்பர் ஆவதற்குச் சுமார் 200 மணி நேரம் சேர்ந்து செலவழிக்க வேண்டியிருக்கிறது என்பது அவர் கணக்கு. அதிலும் வகுப்பிலோ வேலையிலோ ஒன்றாக உட்கார்ந்த நேரம் அவ்வளவாக உதவவில்லை, வெட்டியாக அரட்டை அடித்த நேரம்தான் நெருக்கத்தைக் கூட்டியது. அப்படியென்றால் கட் அடித்த வகுப்புகள்தான் உண்மையான முதலீடு! (ஹெச்.ஓ.டி. கண்ணில் இது படாமல் இருக்கட்டும் :-) )

இவ்வளவு போட்ட முதலீட்டை மூன்றாம் வருஷக் கடைசியில் ஒரு இலைப் படத்தோடு மூடிவிடுகிறார்கள். பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியல் படித்தவனுக்குக் கூடத் தெரியும், ஒரு கடனாளி பணம் தரவில்லை என்பதற்காக மறுநாளே அதை வாராக்கடன் என்று போக்கெழுத மாட்டார்கள். கேட்க வேண்டும், நினைவூட்ட வேண்டும், ஐயக்கடனுக்கு ஒதுக்கு வைக்க வேண்டும். வசூலே ஆகாது என்று தெரிந்த பிறகுதான் போக்கெழுதுவது. அப்படிப் போக்கெழுதியது பின்னால் வசூலானால் அதையும் இலாப நட்டக் கணக்கில் வரவுப் பக்கம் சேர்க்க இடம் உண்டு. ஆயிரம் ரூபாய்க்கு இவ்வளவு சடங்கு. நண்பனுக்கு ஒரு போன் கால் கூடக் கிடையாது!

"வேலை டைட் மச்சான்" என்பது அடுத்த சமாதானம். ஆடிட்டர் ஆபீஸில் ஆர்ட்டிகிள்ஷிப் போனவனுக்கு செப்டம்பர் என்பது மாதமே இல்லை, யுத்தம். வரித் தணிக்கை அறிக்கைக்கு வழக்கமான கடைசி நாள் செப்டம்பர் 30. அந்த மாதத்தில் அவன் சாப்பிட்டானா என்று கேட்பதே பாவம். சரி, ஒத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கெடுவுக்கும் ஒரு முடிவு உண்டு (நீட்டிப்பு வந்தாலும் அதற்கும் ஒரு முடிவு உண்டு). அதற்குப் பிறகு என்ன ஆனான்? செப்டம்பரில் சொன்ன "டைட் மச்சான்" ஜனவரியிலும் ஏன் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது?

இந்தப் பருவகாலத் தத்துவத்தை யார் போடுகிறார்கள் என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கேம்பஸில் ஆஃபர் லெட்டர் வாங்கியவன் போடுவான். எம்.பி.ஏ. சீட் கிடைத்தவன் போடுவான். ரயிலில் போகிறவன்தான் மரம் ஓடுகிறது என்பான். பிளாட்பாரத்தில் நிற்பவனுக்கு அப்படித் தெரியாது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததால் படிப்பு முடிந்த கையோடு மளிகைக் கடைக் கல்லாவில் உட்கார்ந்தவன் ஒருத்தன் எல்லா பேட்ச்சிலும் இருக்கிறான். இரண்டு பேப்பர் அரியரோடு ஊரிலேயே நின்றுபோனவனும் இருக்கிறான். அறுபது பேர் குரூப்பில் சி.டி.சி. என்ன, நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், எந்த ஏரியாவில் வாடகை குறைவு என்று பேச்சு ஓடும். அவன் வாசிப்பான், எதுவும் எழுத மாட்டான். ஆறு மாதம் கழித்து ஒருநாள் "லெஃப்ட்" என்று காட்டும். காரணம் கேட்டு ஒருத்தர்? ம்ஹூம். அவனே ஒதுங்கிவிட்டான், அவன் பருவம் முடிந்தது என்று பேசிக்கொள்வார்கள்.

பெண்கள் விஷயத்தில் இந்த வார்த்தை இன்னும் மோசமான வேலையைச் செய்கிறது. கல்யாண மண்டப வாசலில் பிளெக்ஸைப் பார்த்திருப்பீர்கள். மாப்பிள்ளையின் நண்பர்கள் இருபது பேர் கூலிங்கிளாஸ் போட்டு வரிசையாக நிற்பார்கள். மணப்பெண்ணின் தோழிகள் அப்படி நிற்கிற பிளெக்ஸ் எத்தனை? அவர்கள் காசு சேர்த்து வாங்கிய சுவர்க்கடிகாரத்தை மேடையில் கொடுத்துவிட்டு, போட்டோவுக்கு நின்றுவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். மூன்று மாதம் கழித்துப் போன் அடித்தால் ஓர் ஆண் குரல் "யாரு?" என்று கேட்கும். "காலேஜ் ஃப்ரெண்டுங்க அண்ணா." "அவ வேலையா இருக்கா." அதற்கு அப்புறம் நம்பரே மாறிவிடும். அவனுடைய நண்பர்கள் மட்டும் ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு வழக்கம்போல வந்துகொண்டிருப்பார்கள், சமைத்துப் போடுவதும் அவள்தான். இதில் பருவம் எங்கே வந்தது? ஒரு வீட்டில் சிலர் உட்கார்ந்து எடுத்த முடிவு இது. அந்த முடிவுக்கு மழை, வெயில் என்று பெயர் வைத்துவிட்டால் யாரையும் கேள்வி கேட்க வேண்டாம் அல்லவா. தோழி இல்லாமல் அகப்பாட்டு நகராது என்று பெருமையாகப் பாடம் நடத்துகிற ஊரில்தான் இதுவும் நடக்கிறது.

எல்லாரையும் ஆயுசுக்கும் சுமக்க முடியுமா என்று கேட்பார்கள். முடியாதுதான். ஒரு மனிதனால் நிலையாக வைத்துக்கொள்ள முடிகிற உறவுகள் ஏறக்குறைய 150 என்று ராபின் டன்பார் சொல்லியிருக்கிறார், அதிலும் மிக நெருங்கியவர்கள் ஐந்து பேர் அளவில்தான். விலக வேண்டிய நட்பும் உண்டு. வள்ளுவரே 'பழைமை' என்று நெடுநாள் நட்புக்கு ஓர் அதிகாரம் எழுதிவிட்டு, அடுத்தடுத்து 'தீ நட்பு', 'கூடா நட்பு' என்று இரண்டு எழுதியிருக்கிறார். குடிக்கக் காசு கேட்டே போன் பண்ணுகிறவனை வெட்டிவிடுவதில் தப்பே இல்லை. அது யோசித்துச் செய்வது, செய்தவனுக்கும் காரணம் தெரியும். இங்கே பேச்சு வேறு ஆளைப் பற்றி. அவன் எந்தத் தப்பும் செய்யவில்லை. செமஸ்டருக்கு முந்தின ராத்திரி காஸ்ட் அக்கவுண்டிங் சொல்லிக்கொடுத்தான், ஃபீஸ் கட்டக் கடைசி நாளில் அம்மாவிடம் பொய் சொல்லி ஐந்நூறு வாங்கிக் கொடுத்தான். அவனை விட்டதற்குக் காரணம் கேட்டால் விட்டவனுக்கே சொல்லத் தெரியாது.

அரியர் வைத்தவன் பேப்பரைப் பருவம் போச்சு என்று விட்டுவிடுகிறானா? வேலைக்குப் போன பிறகும் லீவு போட்டுவிட்டு வந்து, முகம் தெரியாத ஜூனியர்களுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறான்.

தீபாவளிக்கு எப்படியும் ஊருக்கு வருகிறார்கள். கோயம்பேட்டிலோ கிளாம்பாக்கத்திலோ கூட்டத்தில் நசுங்கி, ராத்திரி முழுக்க நின்றுகொண்டாவது வருகிறார்கள். வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, இட்லியும் கறியும் சாப்பிட்டுவிட்டு, மத்தியானம் படுத்துக்கொண்டு போனில் ஊர் உலகத்துக்கெல்லாம் ஹேப்பி தீபாவளி அனுப்புகிறார்கள். அந்த மளிகைக் கடை மூன்று தெரு தள்ளி இருக்கிறது. தீபாவளி அன்றைக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் கடையைத் திறந்துவிடுவான்.