அகலிகை மீண்டும் கல்லானது ஏன்?

புதுமைப்பித்தன் 1943 ஆம் ஆண்டில் எழுதிய ‘சாப விமோசனம்’ என்னுங் கதையை முதன்முறை படித்தபோது யான் முகஞ்சுளித்தேன். கம்பனைப் பாடஞ் சொல்லிப் பழகிய எனக்கு, இராமன் வந்து நிற்க அகலிகை வெளியே வாராதிருக்குங் காட்சி கசந்தது. அக்கசப்பை மாற்றியவள் என் மாணவி ஒருத்தி. “ஐயா, அகலிகைக்குக் கோபமா, துக்கமா?” என்று வகுப்பில் அவள் வினவினாள். அன்று என்னிடம் விடையில்லை.

இராமனைக் குறைகூற எழுந்த கதை என்றே பலர் இதனை எண்ணுவர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. இஃது கடமைக்கும் ஏக்கத்துக்கும் இடையே நிகழும் வழக்கு. கோதமன் மன்னித்தான்; தன் கடமையைச் செய்தான். ஆயின் மன்னிப்பு என்ற சொல்லிலேயே குற்றம் ஒன்று ஒளிந்திருக்கின்றதன்றோ? அகலிகை ஏங்கியது மன்னிப்புக்கு அன்று. ஐயமற்ற ஒரு பார்வைக்கு. அப்பார்வையை அவள் இராமனிடத்தும் சீதையிடத்தும் கண்டாள். அதனைப் பற்றியே வாழ்ந்தாள். அவ்விராமனே சீதையைத் தீக்குளிப்பித்தான் என்று கேட்டபோது, அவள் ஊன்றி நின்ற நிலமே நழுவிற்று. உலகுக்கு மெய்ப்பித்தல் சீதைக்குக் கடமையாகத் தோன்றியது. உள்ளம் அறிந்தால் அமையும் என்பது அகலிகையின் துணிபு.

அரசனுக்கு உலகத்தை நோக்கிய கடமை உண்டே என்பர் சிலர். உண்டு, மறுக்கவில்லை. அக்கடமைக்கு விலை கொடுத்தவர் யார் என்பதே கதையின் வினா.

எம் மட்டக்களப்பு நாட்டார் இதற்கு வேறொரு விடை வைத்திருக்கின்றனர். கண்ணகியும் வழக்காடியவளே. ஆனால் அவள் நிறுவியது தன் கற்பை அன்று. கணவனின் குற்றமின்மையை, அரசனின் பிழையை. எரிந்து வந்த அவளை எம்மவர் சோதிக்கவில்லை. ஆண்டுதோறும் வைகாசியில் வழக்குரை பாடிக் குளிர்த்தி செய்கின்றனர். வெந்த நெஞ்சைக் குளிர்விப்பது ஊரின் கடமை என்பது அச்சடங்கின் உட்பொருள். அகலிகைக்குக் குளிர்த்தி செய்வார் எவருமிலர், ஆதலின் கல்லானாள்.

2009 ஆம் ஆண்டில் போர் முடிந்தபின் வாவிக்கரை ஊர்களுக்குத் திரும்பிய பெண்களுள் எத்தனை பேர் ஊரார் கண்முன் தம்மை மெய்ப்பிக்க வேண்டியவராயினர்! கோயிலிற் குளிர்த்தி பாடிய நாம், படலையில் நின்று அவர்களை வினவினோம். இதனை எழுதும்போது என்னையும் சேர்த்தே சொல்லுகின்றேன்.

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். இக்கதையைக் கம்பனுக்குப் பகையாக வைத்துக் கற்பிக்க வேண்டா, மறைக்கவும் வேண்டா. அகலிகை நெஞ்சாற் பிழைத்தவள் அல்லள் என்று கம்பன் காட்டிய பரிவையே புதுமைப்பித்தன் இறுதிவரை கொண்டுசென்று பார்த்தார். இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பியுங்கள்.

அம்மாணவிக்கு இன்று யான் கூறும் விடை இது: அவளுக்குக் கோபமுமில்லை, துக்கமுமில்லை, அம்மா. இனி எவரிடமும் எதனையும் மெய்ப்பிப்பதில்லை என்ற முடிவே அந்தக் கல்.