கூடவே வந்த தம்பி

பிறந்தநாள் விழாவுக்கு, அழைக்காத தம்பியையோ தங்கையையோ கூட்டிக்கொண்டு வருவது நாகரிகமா? சென்னை அடுக்ககங்களில், வகுப்புத் தாய்மார்களின் வாட்ஸப் குழுக்களில் இது பெரிய வழக்கு. தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான்: அந்த அம்மாவுக்கு இங்கிதம் தெரியவில்லை.

ஏன் அம்மாவுக்கு மட்டும்? அப்பா என்று ஒருவர் இருக்கிறாரே, அந்த ஞாயிறு மாலை அவர் எங்கே?

அழைக்கிறவள் பக்கமும் நியாயம் உண்டு. பிளே ஏரியாவில் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம். ரிட்டர்ன் கிஃப்ட் 15 வாங்கியிருந்தால் 15தான். பதினாறாவது குழந்தை கை நீட்டும்போது, தன் மகளுக்கு எடுத்து வைத்ததைக் கொடுத்துவிட்டுச் சிரிக்க வேண்டியவளும் அவள்தான். பட்டியல் போட்டது, பலூன் ஊதியது, விழா முடிந்து குப்பை அள்ளுவது எல்லாம் அவளே. அவள் கணவர் கேக் வெட்டும்போது போட்டோவுக்கு வந்து நிற்பார். ஆக, சண்டையின் இரண்டு பக்கமும் பெண்கள். இது யாருக்கு வசதி?

இந்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம்; ஆண்கள் 97. அதுவும் வேலை செய்கிற ஆண்களை மட்டும் எடுத்த சராசரி! செய்யாதவர்களையும் சேர்த்தால் என்ன மிஞ்சும்? சட்டமும் இப்படித்தான் யோசிக்கிறது. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது 2017 திருத்தம். தினம் நான்கு முறை போய்ப் பார்த்துவர அது அனுமதித்தது பெண்ணை.

அழைக்காமல் வரும் இன்னொருத்தியை யாரும் குறை சொல்வதில்லை. அவள் அக்கா. ஒன்பது, பத்து வயதிருக்கும். தம்பியைப் பார்த்துக்கொள்ள வந்தவள். மற்ற பிள்ளைகள் மியூசிக்கல் சேர் ஆடும்போது ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து அவனுக்குச் சமோசாவைப் பிய்த்து ஊட்டுவாள், மூக்கைத் துடைப்பாள், கழிப்பறைக்குக் கூட்டிப் போவாள். ‘எவ்வளவு பொறுப்பான பொண்ணு!’ என்று எல்லோரும் மெச்சுவார்கள். தம்பி வந்தால் தொல்லை, அக்கா வந்தால் உதவி. அவளுக்கும் தட்டு வைக்க வேண்டும் என்பது பெரும்பாலும் கடைசியில்தான் நினைவுக்கு வரும். விளையாட அவளைக் கூப்பிட்டிருக்கலாம் என்பது அப்போதும் வராது.

உடன்பிறந்தோருக்கு இடமில்லை என்றால் அழைப்பிலேயே எழுதிவிடுங்கள், தவறில்லை. வருகிறவர்களும் முன்கூட்டிக் கேட்கட்டும். ஆனால் அந்தச் செய்தியை அப்பாக்களுக்கும் அனுப்புங்கள்: ‘மூத்தவளை அம்மா விழாவுக்குக் கூட்டி வருகிறார், சின்னவன் 4 மணியிலிருந்து 7 மணிவரை உங்கள் பொறுப்பு.’ அவர்கள் எண் குழுவில் இல்லையே என்கிறீர்களா? பள்ளிச் சேர்க்கைப் படிவத்தைத் திறந்து பாருங்கள். முதல் வரியில் இருப்பது அவர்கள் பெயர்தானே.