திகிற் படங்களும் கற்றோர் தீர்ப்பும்

திகிற் படங்கள் கலைக்குப் புறம்பானவை, மலிவான கிளர்ச்சியை விற்பவை என்பர் கற்றோருட் பலர். படங்களைப் பாராமலே வழங்கப்பட்ட தீர்ப்பு இது.

1896இல் பிரான்சின் ஜோர்ஜ் மெலியே மூன்று நிமிடப் படமொன்றில் வௌவாலைச் சாத்தானாக மாற்றிக் காட்டியபோது அது வெறும் வித்தையே. எனினும், அக்கலை அவ்வளவில் நின்றுவிடவில்லை. ‘டொக்டர் கலிகாரியின் பேழை’ (1920) என்ற ஜேர்மனியப் படத்தில், துயிலில் நடப்பவனொருவன் எசமானின் ஆணைக்கிணங்கிக் கொலை செய்கிறான். ஆணைக்குப் பணிந்து முதலாம் உலகப் போரிற் கொன்றும் மடிந்தும் போன தலைமுறையின் நினைவை அதிலிருந்து பிரிக்கமுடியுமா? யப்பானின் ‘கொட்சிலா’ (1954) அணுவாயுதப் பரிசோதனையாற் கிளர்ந்தெழுந்த விலங்கின் கதை. ஹிரோஷிமா எரிந்து ஒன்பது ஆண்டுகளே கழிந்திருந்தன. ஜோர்ஜ் ரொமெரோவின் ‘நைட் ஒஃப் த லிவிங் டெட்’ (1968) படத்தில், நடைபிணங்களிடமிருந்து இரவெல்லாம் தப்பிய கறுப்பின இளைஞன், விடிந்ததும் அவற்றை வேட்டையாட வந்த வெள்ளையராற் சுடப்படுகிறான். அரை நூற்றாண்டளவின் பின் ஜோர்டன் பீலின் ‘கெட் அவுட்’ (2017) அதே நிறவெறியை நாகரிகப் புன்னகைக்குப் பின்னே இனங்காட்டிற்று.

குருதியைக் கொட்டிக் காசு பறிக்கும் படங்கள் இல்லையா எனக் கேட்கலாம். உள, மிகப் பலவாகவே உள. ஆனால், போலிக் கவிதைகள் மலிந்தமையாற் கவிதையையே எவரும் ஒதுக்குவதில்லை. திகிற் படத்துக்கு மட்டும் வேறு நீதி ஏன்?

தீர்ப்புக் கூறுமுன் இவ்வைந்து படங்களையேனும் வெளிவந்த வரிசையிற் பார்த்தல் வேண்டும். ஒரு சமூகம் எதற்கு அஞ்சிற்று என்பதை அறியாதவர், அச்சமூகத்தின் வரலாற்றை அறிந்தவராகார்.