கட்டினானாம், கட்டினான்

தங்கச்சி தரம் 3, தம்பி தரம் 7, அக்கா தரம் 10. ஒரு மேசை, ஒரு அம்மா. வரலாற்றை எங்கேயிருந்து தொடங்குவது என்று வீட்டில் படிப்பிக்கும் பெற்றோர் கேட்கிறார்கள். இரண்டு மூன்று தரங்களை ஒரே அறையில் வைத்துச் சமாளிக்கும் சின்னப் பள்ளிக்கூட ஆசிரியர்கள் கேட்பதும் கிட்டத்தட்ட இதுதான்.

நம் நாட்டில் 5 வயது முதல் 16 வரை கல்வி கட்டாயம். ஆகவே முழுக்க முழுக்க வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகள் குறைவு. ஆனால் 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது ஒவ்வொரு வீடும் வகுப்பறையானது. ஒரு போனுக்கு மூன்று பிள்ளைகள் அடிபட்டார்கள். கணக்கென்றால் ஆளுக்கொரு பயிற்சியைக் கொடுத்துவிடலாம். வரலாற்றை அப்படிப் பிரித்துக் கொடுக்க முடியவில்லை. அன்று பிடித்த பழக்கத்தை விடாமல் இன்றும் பின்னேரங்களில் பிள்ளைகளைக் கூட்டி வைத்து வரலாறு சொல்லும் குடும்பங்களை எனக்குத் தெரியும். இந்த உரை அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

பாடத்திட்டம் இதற்கு உதவாது. தரம் 5 வரை வரலாறு தனிப்பாடமாக இல்லை. சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளுக்குள் அங்குமிங்கும் வரும். தரம் 6இல் தொடங்கி 11 வரை அது கட்டாயப் பாடம். ஆக மூன்று பிள்ளைகளும் மூன்று காலத்தில் நிற்கிறார்கள். மூன்று புத்தகத்தையும் ஒரே பின்னேரத்தில் முடிக்கப் பார்க்கும் தாய் ஒன்றையும் முடிப்பதில்லை. ஏழரைக்கு சின்னவள் மேசையில் தலை வைத்துவிடுவாள்.

அமெரிக்காவில் வீட்டுக் கல்விக்காரர் பலர் பின்பற்றும் சூசன் வைஸ் பாவரின் முறை இதற்கு ஒரு வழி சொல்கிறது. வீட்டில் எல்லாரும் ஒரே காலத்தைப் படிப்பார்கள், ஆழம் மட்டும் வயதுக்கு ஏற்றபடி மாறும். பழங்காலம் முதல் இன்றுவரை நான்கு ஆண்டில் ஒரு சுற்று, பிறகு அதே சுற்று இன்னும் ஆழமாக. பொருள் ஒன்று, வேலை வேறு என்ற அந்த அடிப்படையை நான் ஏற்கிறேன். அதன் முதலாண்டுப் பட்டியலை அப்படியே இறக்குவதைத்தான் ஏற்கவில்லை. திருகோணமலைப் பிள்ளை பிரமிட்டில் தொடங்கத் தேவையில்லை. பஸ் ஏறினால் கை வைத்துப் பார்க்கக் கோட்டைச் சுவர் இருக்கிறது.

பிரட்ரிக் கோட்டை வாசலில் ஒரு காலை. புள்ளிமான்களைத் தாண்டி உள்ளே ஓடப் பார்த்த தங்கச்சிதான் முதலில் கண்டாள்: "அம்மா, இஞ்ச ரெண்டு மீன் கிடக்கு!" வாசல் நிலைக்கல்லில் இரண்டு கயல்கள், பக்கத்தில் சிதைந்த தமிழ் எழுத்துகள். அவளுடைய பாடம் அதுதான்: மீனை வரைவது, எழுத்தைத் தடவிப் பார்ப்பது. தம்பியின் கொப்பியில் ஒரு நீளக் கோடு: 1624 போர்த்துக்கேயர், 1639 ஒல்லாந்தர், 1782 ஜனவரியில் ஆங்கிலேயர், ஓகஸ்டில் பிரெஞ்சுக்காரர், 1795இல் மறுபடி ஆங்கிலேயர், 1803இல் இன்றைய பெயர். ஒரே ஆண்டில் இரண்டு முறை கை மாறிய இடத்தில் அவன் பென்சில் நின்றது. ஏன் எல்லாருக்கும் இந்தத் துறைமுகம் வேண்டியிருந்தது என்ற கேள்வியை நான் கேட்கவேண்டி வரவில்லை. அக்காவின் தரம் 10 பாடநூல் மூலாதாரங்களில்தான் தொடங்குகிறது. அவளுக்கு அந்தக் கல்லே மூலாதாரம். கல்லில் உண்மையாக நிற்கும் எழுத்து எவ்வளவு, ஊர் வாய்மொழியால் நிரப்பி வாசிப்பது எவ்வளவு என்று பிரித்து எழுதச் சொன்னேன். குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த கோயில் திருப்பணியைப் பறங்கி பிரிப்பான் என்ற முன்னறிவிப்பாக அதை வாசிப்பது வழக்கம். அவள் இரண்டு பத்தியில் எழுதினாள். நிரப்பிய பத்திதான் நீளம்.

இங்கேதான் நம் மொழி கைகொடுக்கிறது. தமிழில் கேள்விப்பட்டதற்கு ஒரு விகுதி உண்டு. "குளக்கோட்டன் கட்டினானாம்" என்றால் சொல்பவர் கண்டதில்லை, சொல்லக் கேட்டது. "1624இல் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினார்கள்" என்பதற்கு ஆவணம் உண்டு, அங்கே 'ஆம்' வேண்டாம். தரம் 3 பிள்ளைக்கு மூலாதாரம் என்ற சொல் விளங்காது, இந்த 'ஆம்' விளங்கும். சுவாமிமலைத் தூணில் 1687ஆம் ஆண்டும் பிரான்சினா வான் றீட் என்ற ஒல்லாந்துப் பெண்ணின் பெயரும் இருக்கின்றன: இது 'ஆம்' இல்லாதது. காதலன் கப்பலேறிப் போனதைக் கண்டு அவள் மலையிலிருந்து குதித்தாளாம்: இது 'ஆம்' உள்ளது. சின்னவளுக்குக் கதையைச் சொல்லுங்கள், மறுக்கவேண்டாம். விகுதியை மட்டும் விழுங்கிவிடாதீர்கள். இன்று 'கட்டினான்' என்று சொல்லிவிட்டு ஐந்து வருடம் கழித்து 'அது ஐதீகம்' என்றால், அவள் சந்தேகப்படப்போவது குளக்கோட்டனை அல்ல, உங்களைத்தான்.

திருகோணமலைப் பக்கத்து வெல்கம் விகாரையைப் பலர் தவிர்த்துவிட்டுப் போகிறார்கள். நம்மவர் நாதனார் கோயில் என்றும் சொல்லும் இடம். ராஜராஜப் பெரும்பள்ளி என்ற பெயரோடு சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் ஒரு பௌத்தப் பள்ளியில் இருக்கின்றன. எந்தப் பக்கத்துக்கும் முழுதாக வசதிப்படாத சான்று. அதனாலேயே அக்காவைக் கட்டாயம் கூட்டிப்போகவேண்டிய இடம். தங்கச்சியும் வரலாம், ஆனால் பெரியவர்களின் வழக்கை அவள் தலையில் ஏற்றவேண்டாம்.

இந்த முறைக்கு ஒரு எல்லை உண்டு. தரம் 11இல் கைத்தொழிற் புரட்சி, உலகப் போர்கள், கடந்தகால வினாத்தாள்கள் என்று வந்துவிட்டால் அக்காவுக்குத் தனி மணித்தியாலம் கொடுங்கள். சாதாரண தரப் பரீட்சைக்குப் போகிறவளைத் தம்பி தங்கச்சியோடு மீன் வரைய வைத்திருப்பது அநியாயம்.

அடுத்து எந்தக் காலம் என்று கேட்டால், 1942 ஏப்ரல் 9 என்பேன். அன்று காலை யப்பானிய விமானங்கள் துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் குண்டு போட்டன. அதே நாளில் மட்டக்களப்புக் கடலில் ஹேர்மீஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. அன்று ஒரு எண்ணெய்க் குதம் எரிந்துபோனது; 99 குதங்கள் இன்றும் நிற்கின்றன. ஒரு விமானம் வந்து குதத்தில் நேரே மோதியதாம். இந்த 'ஆம்' இல்லாமல் பேசக்கூடியவர்கள் ஊரில் இன்னும் சிலர் இருக்கலாம். அன்று ஆறு வயதுப் பிள்ளையாக இருந்தவருக்கு இப்போது தொண்ணூறு ஆகிறது. கொப்பியைத் தூக்கிக்கொண்டு முதலில் அவரிடம் போங்கள். பாடநூல் அடுத்த தவணையும் மேசையில் கிடக்கும்.