தொட்டி மீனைக் குளத்தில் விடுவது இரக்கமா?



கடந்த வாரம் ஒரு பெற்றோர் பாடசாலை வாசலில் மறித்துக் கேட்டார்: "சேர், வீட்டுத் தொட்டியில இருக்கிற கோய் மீன் ரெண்டும் நல்லாப் பெருத்திட்டுது. பார்க்கப் பாவமாக் கிடக்கு. குளத்தில விட்டா நன்மைதானே?"

"வேணாம், பொறுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டோம். ஏன் என்று விளக்க அப்போது நேரம் இருக்கவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம். விஞ்ஞானப் பாடத்துக்கென்று வகுப்பில் இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று வைத்தோம். அன்றே கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, அன்றே ஆறு கோய்க் குஞ்சுகளை விட்டோம். பிள்ளைகள் ஆசையில் ஆளுக்கொரு பிடி தீனி போட்டார்கள். வெள்ளிக்கிழமை கதவைப் பூட்டிவிட்டுப் போனோம். திங்கட்கிழமை திறந்தபோது நான்கு மிதந்தன. முன்வரிசைப் பிள்ளை ஒன்று, "செத்தது எங்களாலதானே சேர்?" என்று கேட்டது. ஓம் என்பதைத் தவிர வேறு பதில் எங்களிடம் இருக்கவில்லை.

நடந்தது இதுதான். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. அதை நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றும் பக்றீரியாக்கள் வடிகட்டியில் குடியேற நாலு முதல் ஆறு கிழமை எடுக்கும். புதுத் தொட்டியில் அவை இல்லை. போதாக்குறைக்கு, சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும். எங்கள் வன்னி வெயிலுக்கு இரண்டடித் தொட்டி என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள்.

கோய் என்பது ஜப்பானின் நீகாத்தாப் பகுதி விவசாயிகள் உணவுக்கு வளர்த்த கார்ப் மீனிலிருந்து நிறம் பார்த்துத் தெரிந்தெடுத்துப் பெருக்கிய மீன். 1914இல் தோக்கியோவில் நடந்த கண்காட்சிக்குப் பிறகுதான் அது வெளியே பரவலாக அறியப்பட்டது. நீகாத்தா பனி கொட்டும் இடம். கடையில் இரண்டு அங்குலமாக வாங்கும் குஞ்சு இரண்டடி வரை வளரும். நன்றாகப் பார்த்தால் இருபது, முப்பது வருடம் வாழும். அதற்கு இரைப்பை கிடையாது. அதனால் ஒரேயடியாக அள்ளிப் போடாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுக்க வேண்டும். இது கண்ணாடிக் கிண்ணத்தில் வைக்கும் மீனே அல்ல.

இப்போது புது வீடு கட்டுகிற பலர் முற்றத்தில் கோய்த் தடாகம் வைக்கிறார்கள். அதைக் கேலி செய்ய மாட்டோம். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் கிடந்து, 2009க்குப் பிறகு பற்றை வெட்டிக் குடியேறிய சமூகம் நாம். சொந்த முற்றத்தில் ஓர் அழகு வேண்டும் என்ற ஆசை எங்களுக்கு விளங்குகிறது. ஆனால் ஒரு கணக்குப் பாருங்கள். பத்தடி நீளம், ஆறடி அகலம், நாலடி ஆழத் தடாகம் ஏறக்குறைய 6,800 லீற்றர் பிடிக்கும். கிழமைக்குப் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினாலும் 680 லீற்றர், அதாவது இருபது லீற்றர் வாளியில் 34 வாளி. ஓகஸ்ட் மாதத்தில் பக்கத்து வீட்டுக் கிணறு வற்றி, அவர்கள் பவுசருக்குக் காத்திருக்கும்போது அந்தத் தண்ணீர் யாருடையது? புத்தளத்தில் எங்கள் உம்மாமார் குடத்தோடு வரிசையில் நின்றதை நாம் மறந்துவிடக் கூடாது. தடாகம் வைப்பவர்கள் நிழல் கொடுங்கள், வடிகட்டி போடுங்கள், மழைநீர் சேருங்கள், கழிக்கும் தண்ணீரை வாழைக்கும் தென்னைக்கும் விடுங்கள். இவ்வளவுக்கும் வழியில்லை என்றால் கோய் வேண்டாம். கப்பி போன்ற சிறிய மீன்கள் போதும்.

இனி அந்தப் பெற்றோரின் கேள்விக்கு வருவோம். முத்தையன்கட்டு, வவுனிக்குளம், இரணைமடு, பாவற்குளம் எல்லாம் வெறும் தண்ணீர்த் தேக்கங்கள் அல்ல. நன்னீர் மீன்பிடியை நம்பி எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. நக்டா எனும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை கட்லா, ரோகு, கார்ப் குஞ்சுகளைக் குளங்களில் விடுகிறது. கோயும் கார்ப் குடும்பத்து மீன்தான். 1990களின் பிற்பகுதியில் உலகம் அறிந்த கோய் ஹேர்பிஸ் வைரஸ் இரண்டையுமே கொல்லும். மனிதருக்கு அதனால் தீங்கில்லை. ஆனால் வலை வீசுபவரின் சோற்றில் மண் விழலாம். நோய் உள்ளதா இல்லையா என்று மீனின் நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

தொட்டி துப்புரவாக்கும் மீன் என்று விற்கிறார்களே, அதுவும் கத்தி மீனும் அலங்கார மீன் வியாபாரத்தில் வந்து, இன்று நம் நாட்டு நீர்நிலைகளில் தாமாகவே பெருகிக் கிடக்கின்றன. அவற்றை விட்டவர்களில் பலரும் இரக்கத்தால்தான் விட்டிருப்பார்கள்.

பூனையைக் கட்டிவைத்து உணவும் கொடுக்காமல், தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணைப் பற்றிய ஹதீஸ் நம் எல்லோருக்கும் தெரியும். குருவி செத்துக் கவலையாக இருந்த சிறுவன் அபூ உமைரை நபி (ஸல்) அவர்கள் அன்போடு விசாரித்த செய்தியும் தெரியும். வளர்ப்பதில் குற்றமில்லை. வளர்க்கும் உயிர் நம் கையில் உள்ள அமானிதம். அமானிதத்தைப் பாரமானதும் குளத்தில் கொட்டிவிட்டு நன்மை என்று சொல்லலாமா?

ஆகவே, மீன் பெருத்துவிட்டால் பெரிய தடாகம் உள்ள ஒருவரிடம் கொடுங்கள், இல்லையேல் வாங்கிய கடையில் கேட்டுப் பாருங்கள். வாங்க முன்பே இதை யோசிப்பது அதைவிட நல்லது. பிறந்தநாளுக்குப் பிள்ளையின் கையில் பொலித்தீன் பையில் மீன் கொடுப்பதை நிறுத்துவோம். முதலில் தொட்டியை ஆறு கிழமை ஓடவிட்டு, பிறகு மீன் வாங்குவோம்.

எங்கள் வகுப்பில் மிஞ்சிய இரண்டையும் அப்படித்தான் ஒரு தடாகக்காரரிடம் ஒப்படைத்தோம். தொட்டி இப்போது மீனில்லாமல் ஓடுகிறது. பிள்ளைகள் நாளை எண்ணுகிறார்கள். அடுத்து வருவது கப்பிதான், இன்ஷா அல்லாஹ்.

அந்தப் பெற்றோருக்கும் இந்தப் பதிவு போய்ச் சேரட்டும். அவருடைய இரண்டு கோய்களுக்கும் இடம் தரக்கூடியவர் இருந்தால் கீழே எழுதுங்கள்.