பழைய கணனிக்கு வேகம் கூட்டலாமா?



“எங்களிடம் இருப்பது பழைய கணனி. படம் திருத்தும் வேலை என்றால் இழுத்து இழுத்துத்தான் போகிறது. புதிது வாங்க வசதியில்லை. ஓவர்குளொக் செய்தால் வேகம் கூடும் என்கிறார்களே, செய்யலாமா?” என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். செய்யலாம். ஆனால் நான் முதலில் செய்த மாதிரிச் செய்யக்கூடாது. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஹட்டனில் நான் நடத்தும் சிறிய கடையில், பழைய புகைப்படங்களைத் திருத்திக் கொடுப்பதுதான் ஓரளவு கையில் காசு தரும் வேலை. 1983க்குப் பிறகு வன்னிக்குப் போய், யுத்தத்தில் அகப்பட்டு, திரும்பி மலைக்கே வந்த குடும்பங்கள் கொண்டுவரும் படங்கள் அநேகமாகத் தண்ணீர் பட்டவை. ஒரு சகோதரி தன் கணவரின் படத்தைக் கொண்டு வந்தார். வேறு படம் இல்லை. இரண்டு நாள் இருந்து திருத்தினேன். அதற்கு முந்திய கிழமைதான் என் மருமகன் கணனியின் வேகத்தை ஒரே தாவலில் ஏற்றிவிட்டிருந்தான். “பாருங்க அத்தை, ஸ்டார்ட் ஆயிருச்சில்ல, ஒன்னும் ஆகாது” என்றான். மூன்றாம் நாள் அந்தக் கோப்பு திறக்கவில்லை. மூலப்படம் பத்திரமாக இருந்தது. போனது என் இரண்டு நாள் உழைப்பும், படத்தை வாங்க பஸ் ஏறி வந்தவரின் ஒரு நாள் பேரும்.

கணனி ‘ஸ்டார்ட்’ ஆவது ஒன்று, பிழையில்லாமல் வேலை செய்வது வேறொன்று. இது அன்று எனக்குத் தெரியவில்லை.

என் கணனியில் இருப்பது இன்டெல் பென்டியம் டுவல் கோர் ஈ5200 என்ற புரொசெசர். 2008இல் வெளிவந்தது. அதன் வேகம் 2.5 கிகாஹேர்ட்ஸ். இந்த வேகம் எப்படி வருகிறது? காமன் கூத்தில் தப்பு அடி கூடக் கூட ஆட்டமும் கூடுகிறதல்லவா? அதே மாதிரித்தான். மதர்போர்டில் ஒரு தாளம் விநாடிக்கு 20 கோடி தடவை, அதாவது 200 மெகாஹேர்ட்ஸில், அடிக்கிறது. புரொசெசர் ஒவ்வொரு அடிக்கும் பன்னிரண்டரை எட்டு வைக்கிறது. 200ஐ 12.5ஆல் பெருக்கினால் 2500. பன்னிரண்டரையைக் கூட்ட முடியாது, கம்பனி பூட்டி வைத்திருக்கிறது. தாளத்தைத்தான் கூட்டலாம். மருமகன் அதை 266 ஆக்கியிருந்தான். அப்படியென்றால் 3325. ஆட்டக்காரர் விழாமல் ஆடினார், ஆனால் இடையிடையே அடி தவறினார். அந்தத் தவறுதான் என் கோப்பைக் கெடுத்தது.

வேகம் கூடினால் சூடு கூடும். மின்னழுத்தத்தைக் கூட்டினால் அதைவிட மோசம். நூற்றுக்குப் பத்துக் கூட்டினால் சூடு ஏறத்தாழ நூற்றுக்கு இருபத்தொன்று கூடும். ஆகவே புதிதாகச் செய்பவர்கள் மின்னழுத்தத்தில் கையே வைக்க வேண்டாம். சில மதர்போர்டுகளில் அது ‘ஓட்டோ’ என்று இருக்கும். நாம் வேகத்தைக் கூட்டும்போது அது தானாகவே அழுத்தத்தையும் ஏற்றிவிடும். ஆரம்பத்தில் இருந்த அளவைச் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் பார்த்து, பயோஸில் அதே அளவில் நிறுத்தி வையுங்கள்.

“ஹட்டன் குளிர்தானே, சூடு என்ன செய்யும்?” என்று கேட்பார்கள். குளிர் உதவி செய்வது உண்மை. ஆனால் 4000 அடிக்கு மேலே காற்று அடர்த்தி குறைவு, மின்விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் கொண்டுபோகும் சூடு சற்றுக் குறையும். அதைவிடப் பெரிய எதிரி லயத்துக் காம்பராவின் விறகுப் புகை. புகைக்கரியும் தூசும் ஈரத்தில் சேர்ந்து கம்பளி மாதிரி ஒட்டிக்கொள்ளும். நான் மின்விசிறியைக் கழற்றிப் பார்த்தபோது அதற்குக் கீழே அலுமினியமே தெரியவில்லை!

அதனால் முதல் வேலை துப்புரவு. பிளக்கைக் கழற்றிவிட்டு, மென்மையான தூரிகையால் தூசு தட்டுங்கள். புரொசெசரின் மேலே காய்ந்து கிடக்கும் பசையை சேர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, ஒரு சிறு பட்டாணி அளவு புதிய பசை வையுங்கள். மின்விசிறியின் நான்கு கால்களும் ‘டக்’ என்று அழுந்தியிருக்க வேண்டும். என்னுடையதில் ஒரு கால் எத்தனை காலமாகத் தூக்கிக்கொண்டு நின்றதோ தெரியாது. இதைச் செய்த பிறகு ஓவர்குளொக்கே தேவையில்லை என்று உங்களுக்குத் தோன்றவும் கூடும்.

அடுத்தது, வேலைக் கோப்புகள் எல்லாவற்றையும் வேறோர் இடத்தில் பிரதி எடுப்பது. இதைச் செய்யாமல் ஒரு படியும் ஏறாதீர்கள்.

பிறகு கணனியை இயக்கும்போது டிலீட் விசையைத் தட்டி பயோஸுக்குள் போங்கள். (பெரிய கம்பனிகள் முழுதாகப் பூட்டி விற்ற கணனிகளில் இந்த வசதி அநேகமாக இராது. இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.) பிசிஐ எக்ஸ்பிரஸ் என்பதை 100இல் நிறுத்துங்கள். ரெம் தாளத்தோடு சேர்ந்தே ஓடுவதால் அதை முதலில் ஒரு படி இறக்குங்கள். என் ரெம் 800 வகை, 667இல் வைத்தேன். அதன்பின் தாளத்தை 200இலிருந்து 210 ஆக்கிச் சேமித்து வெளியே வாருங்கள். பிரைம்95 என்ற மென்பொருளை அரைமணி நேரம் ஓடவிடுங்கள். அது புரொசெசரைக் கடுமையாகக் கணக்குப் போடவைத்து விடையையும் சரிபார்க்கும். பக்கத்தில் கோர் டெம்பில் சூட்டைப் பாருங்கள். 70 பாகையைத் தாண்டினால் நிறுத்துங்கள். பிழை காட்டினாலும் நிறுத்துங்கள், ஒரேயொரு பிழையானாலும் பிழைதான். இப்படியே பத்துப் பத்தாக ஏறுங்கள். வேலை இல்லாத நேரத்தில் வேகம் 1.3, 1.4 என்று இறங்கிக் காட்டும். பயப்படாதீர்கள், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அது தானே எட்டைக் குறைத்துக்கொள்கிறது.

திரை இருண்டு போய்விட்டால் அழவேண்டாம். பிளக்கைக் கழற்றி, மதர்போர்டில் காசு மாதிரி இருக்கும் வட்ட பற்றறியைச் சில நிமிடம் எடுத்துவிட்டுப் போட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

எனக்கு 240 வரை ஒன்றும் இல்லை. 250இல் பிழை காட்டியது. இரண்டு படி இறங்கி 230இல் நிறுத்தினேன். பிறகு ஒரு நாள் முழுக்கச் சமையலும் துணி துவைப்பும் செய்துகொண்டே, இடையிடையே எட்டிப் பார்த்துச் சோதித்தேன். ஆளில்லாத வீட்டில் இதை ஓடவிடாதீர்கள். இடி மின்னல் நாளில் தொடவே தொடாதீர்கள்.

இவ்வளவுக்கும் கிடைத்தது என்ன? நூற்றுக்குப் பதினைந்து. 46 விநாடி எடுத்த வேலை 40 விநாடியில் முடிகிறது. பிற்பாடு 1 ஜிபி ரெம்மை 2 ஜிபி ஆக்கியபோது கிடைத்த வித்தியாசம் இதைவிடப் பெரிது. சகோதரிக்கு என் பதில் இதுதான்: கையில் கொஞ்சம் காசு இருந்தால் முதலில் ரெம் வாங்குங்கள். காசே இல்லையென்றால் துப்புரவு செய்து, பத்துப் பத்தாக ஏறிப் பாருங்கள்.

அந்தப் படத்தை மறுபடியும் முதலிலிருந்து திருத்தினேன். காசு வாங்கவில்லை. அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, “இவருக்குக் காதுக்குப் பக்கத்தில ஒரு மச்சம் இருந்திச்சே அக்கா” என்றார். கறை என்று நினைத்து நான் அழித்திருந்தேன். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, இடம் கேட்டு, வைத்துக் கொடுத்தேன்.